மாங்காய் கேட்ட ஊர்

கோயமுத்தூரில் சண்டை நின்றுபோய்ப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன்னால் மட்டும் என்ன பெரிய சண்டை என்று கேட்பீர்கள். நியாயம்தான், திட்டும்போதுகூட வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுகிற ஊர் அது. ஆனால் இது வேறு. சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் ‘நீங்க போங்க’, ‘அட, நீங்க போங்க’ என்று வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார்கள். பாகம் பிரிக்கப் போன அண்ணன் தம்பிகள், கிணற்றை நீயே வைத்துக்கொள் என்று ஒருவர் தலையில் ஒருவர் கட்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள். வக்கீல்கள் பாடுதான் திண்டாட்டமாகப் போயிற்று.

எல்லாம் இடுப்பில் கட்டிய நாண் செய்த வேலை. விரல் பருமன்கூட இல்லாத கறுப்புப் பட்டை, குழந்தைகளுக்குக் கட்டும் அரைஞாண் மாதிரி இடுப்பைச் சுற்றிக் கிடக்கும். முதுகெலும்பின் அடியில் மூலாதாரம், தொப்புளுக்குக் கீழே சுவாதிட்டானம், தொப்புளில் மணிபூரகம், நெஞ்சில் அனாகதம், தொண்டையில் விசுத்தி, புருவ மத்தியில் ஆக்ஞை, உச்சியில் சகஸ்ராரம் என்று யோக நூல்களில் தாமரைப்பூக்களாக வரைந்து வைத்திருந்தார்களே, அந்த ஏழு சக்கரங்களையும் ஏழு அதிர்வுகளாகப் பிடித்துக் காட்டியவர் டாக்டர் சாரதாமணி. ஏறிக் கிடப்பதை நாண் இறக்கும், இறங்கிக் கிடப்பதை ஏற்றும். மாமியாரிடம் வாய் திறக்க முடியாத மருமகளுக்குத் தொண்டை திறந்தது. ஆபீசில் எரிந்து விழுகிற மேனேஜருக்குத் தொப்புளில் சூடு தணிந்தது. பெண் பார்க்கப் போனவர்கள் ஜாதகத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சக்கரப் பொருத்தம் கேட்க ஆரம்பித்தார்கள். நாண் கட்டாதவனுக்கு வேலை கொடுக்கவே கம்பெனிகள் யோசித்தன.

சரி, ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? தராசென்று ஒன்று இருந்தால் படிக்கல் என்று ஒன்று வேண்டுமே. அந்தப் படிக்கல்தான் சம்யுக்தா.

மருதமலை அடிவாரத்தில் டாக்டர் ‘சமனகம்’ என்ற மையத்தைத் தொடங்கியபோது, கல்யாணமான புதிதில் அங்கே பயிற்சிக்குச் சேர்ந்தவள் அவள். யோகாசிரியர்கள், மலையேறுகிறவர்கள், மௌன விரதக்காரர்கள் என்று எத்தனையோ பேரை நாற்காலியில் உட்கார வைத்தும் ஏழும் சேர்ந்து ஒரே மட்டத்தில் நிற்கிற ஓர் உடம்பு டாக்டருக்குக் கிடைக்கவில்லை. தாடி வைத்த ஒரு பெரியவருக்கு உச்சந்தலை பிரமாதமாக இருந்தது, மூலாதாரம் ஆட்டம் கண்டிருந்தது. ஒருநாள் காலையில் கருவி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, பக்கத்தில் நின்ற சம்யுக்தாவைச் சும்மா உட்காரச் சொன்னார். ஏழு கோடுகளும் திரையில் வந்து ஒரே மட்டத்தில் நின்றன. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிடறயா?”

“இல்லீங்க டாக்டர்.”

“வீட்ல ஏதும் விசேஷம்?”

“ஒண்ணும் இல்லீங்க.”

பதிவு செய்துகொண்டார்கள். அன்றிலிருந்து அவள் ‘ஆதார உடல்’. அந்த ஊரில் நாண் கட்டிய ஒவ்வொருவரும் அந்தக் காலைநேரத்துச் சம்யுக்தாவுக்குச் சமமாகத்தான் சரிசெய்யப்பட்டார்கள். படிக்கல்லுக்கு எதற்கு நாண் என்று அவளுக்கு மட்டும் கட்டவில்லை, அதற்காகக் கிரீடம் ஒன்றும் வைத்துவிடவில்லை. நாற்பதைத் தாண்டியும் அதே சமனகத்தில், அதே ஜன்னலோர அறையில், வருகிறவர்களைச் சமன் செய்துகொண்டிருந்தாள். நாண் என்னதான் சொன்னாலும் கடைசியில் முதுகின் கீழ்ப்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்துத்தான் ஆளை அனுப்ப வேண்டும் என்பது அங்கே வழக்கம். சம்யுக்தா கையை எடுக்க வேண்டிய நேரத்துக்கு மேலும் ஒரு மூச்சு வைத்திருப்பாள். ‘அக்காவுக்கு வந்தவங்களை அனுப்பவே மனசு வராது’ என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். முதுகின் சூட்டுக்கு அடியில் ஏதோ ஒன்று அவள் கைக்குப் பிடித்திருந்தது. என்னவென்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

சமனகத்து வாசலில் ஆறுச்சாமி என்பவர் மாங்காய் வண்டி போட்டிருந்தார். கீற்று கீற்றாக நறுக்கி மிளகாய்ப்பொடியும் உப்பும் தூவிக் கொடுப்பார். வெளியே வருகிறவர்கள் ஆணும் பெண்ணுமாக நேரே அங்கே போய்த்தான் நிற்பார்கள். பல் கூசுகிற வயதில் இருந்த ரிட்டையர்டு பேங்க் மேனேஜர்கள்கூட ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி மாங்காய் தின்பார்கள். மணிபூரகம் விழித்தால் நாக்கு புளிப்புக் கேட்கும் என்று சமனகத்தில் அதற்கொரு விளக்கமும் வைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. நாண் கட்டியவர்கள் யாருக்கோ காத்திருந்தார்கள். யாருக்கு என்று தெரியாது. வாசற்கதவைத் தாழ் போடாமல் சாத்தி வைத்தார்கள். சாப்பிட உட்காரும்போது ஒரு தட்டு கூடுதலாக வைத்தார்கள். சாயங்காலம் மலைப்பக்கமிருந்து மேகம் இறங்கித் தெருவிளக்குகளைச் சுற்றிக்கொள்கிற நேரத்தில் ஊரே பால்கனிக்கு வந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பதற்றமில்லாத, தித்திப்பான காத்திருப்பு. அதை ‘நிறைவு’ என்று சொன்னார் டாக்டர். ஊரும் அப்படியே நம்பியது.

நம்பாதவர் ஒருவர் இருந்தார். லோகநாதன் என்று பெயர், நூல்மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன துக்கத்தில் தூக்கம் வரவில்லை என்று நாண் கட்டிக்கொண்டவர். தூக்கம் வந்தது. கூடவே காத்திருப்பும் வந்தது. தினமும் சாயங்காலம் வடவள்ளி பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பார், மழைக்காலத்தில் கையில் இரண்டு குடையோடு. வருகிறவர் நனையக்கூடாதாம். அவர் வந்த பிறகு சேர்ந்து சாப்பிடலாம் என்று இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுப் போட்டு ஆள் பாதியாகிவிட்டார். மெல்போர்னில் இருந்த மகள் டிக்கெட் எடுத்து அனுப்பினாள், அவர் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் சம்யுக்தாவிடம் ஒரே கேள்விதான்.

“யாரு வர்றாங்கன்னு மட்டும் சொல்லிருங்க அம்மணி. மீதிய நான் பாத்துக்கறேன்.”

“அது ஒரு நிறைவுங்க ஐயா. அப்படியே அனுபவிங்க.”

“நெறஞ்சிருக்குதுங்க. எறக்கி வெக்கத்தான் எடம் தெரியல,” என்பார் அவர். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டுவார்.

ஆடிச் சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் டாக்டர் சாரதாமணி சொல்லாமல் கொள்ளாமல் சம்யுக்தாவின் அறைக்கு வந்தார். எழுபதை நெருங்கியவர். வந்தவர் நேரே போய்ச் சமன் செய்துகொள்ள வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“கதவச் சாத்திட்டு வா, சம்யு. ஒண்ணு சொல்லோணும்.”

சம்யுக்தா சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“புதுக் கருவி வந்திருக்குதில்ல, அதுல உன்ற பழைய பதிவப் போட்டுப் பாத்தேன். சுவாதிட்டானத்துல ஒரு சின்ன சத்தம். மொதல்ல ஃபேன் சத்தம்னு நெனச்சேன். அந்த ரூம்ல ஒரு ஃபேன் கடகடன்னு ஓடும், ஞாபகம் இருக்குதா?”

“இருக்குதுங்க.”

“ஃபேன் இல்ல. உன்ற இதயத்த விட ரெண்டு மடங்கு வேகத்துல ஒரு துடிப்பு. ரொம்பச் சின்னது. பழைய கருவிக்கு அது தனியாத் தெரியல, உன்னோடதுன்னு சேத்து எழுதிக்கிச்சு.” டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “அன்னைக்கு அந்த நாற்காலியில நீ மட்டும் உக்காந்திருக்கல.”

சம்யுக்தாவின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

“நான் கேட்டனே, விசேஷம் ஏதும் உண்டான்னு,” என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை.

“மூணு மாசம் முடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு மாமியார் சொல்லியிருந்தாங்க. எனக்கே தெரிஞ்சு நாலஞ்சு நாளுதான் ஆகியிருந்துச்சுங்க.”

“நானும் என்ற மூத்தவன அப்படித்தான் மறைச்சு வெச்சிருந்தேன். எங்கம்மாகிட்டக்கூடச் சொல்லல. இத்தன வெவரம் தெரிஞ்சவ நான், இன்னொருக்கா கேட்டிருக்கோணும்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ஆனா உனக்குக் கொழந்தைன்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்லையே, சம்யு.”

“மூணாம் மாசமே போயிருச்சுங்க டாக்டர்.”

அவ்வளவுதான் சொன்னாள். அதைச் சொல்வதற்கு அவளுக்கு இத்தனை வருஷங்கள் பிடித்திருந்தன. அன்று குழந்தை உண்டானதை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, அதனால் இல்லாமல் போனதையும் யாரிடமும் சொல்ல முடியவில்லை. காய்ச்சல் என்றார்கள், உடம்பு அசதி என்றார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் வழக்கம்போல வந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா தயிருக்கு உறை மோர் கேட்டு வந்து, அரைமணி நேரம் பேசிவிட்டு, ‘சரி கண்ணு, போயிட்டு வர்றேன்’ என்று கிளம்பினாள். துக்க வீட்டிலிருந்து யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். வருவார்கள், கூட உட்கார்வார்கள், கையைத் தொடுவார்கள், பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். இன்னொரு முறை இப்படி வரும்படி ஆகிவிடக் கூடாது என்று, ‘வர்றேன்’ என்ற சொல்லை வாசற்படியில் விழுங்கிக்கொள்வார்கள். அந்த வாரம் சம்யுக்தாவின் வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் சொல்லிக்கொண்டுதான் போனார்கள். ஒவ்வொரு ‘வர்றேனு’க்கும் அவள் சிரித்துத் தலையாட்டினாள்.

“அப்படீன்னா…” என்று ஏதோ ஆரம்பித்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். “அந்த மாங்காய்ங்க டாக்டர்?”

“ஆமா.”

“பேங்க் மேனேஜரெல்லாமுங்களா?”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்யுக்தாவுக்கும் வந்தது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சம்யுக்தா அழுதாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இத அப்படியே விட்டா என்னங்க?” என்றாள் கடைசியில். “எல்லாரும் சந்தோஷமாத்தான இருக்கறாங்க.”

“பத்து மாசத்துல முடிய வேண்டிய காத்திருப்பு அது. இவங்களுக்கு முடியறதே இல்ல. வருஷக்கணக்கா அதே ரெண்டாம் மாசத்துல நிக்கறாங்க. வெளியூர் வேல வேண்டாங்கறான் ஒருத்தன். கல்யாணம் பண்ணிக்கலாம், அவங்க வந்துரட்டும்ங்கறா ஒருத்தி. யாருன்னு கேட்டா முழிக்கறா. நான் அத நிறைவுன்னு பேரு வெச்சு வித்துட்டேன்.”

“எடுத்துட்டா அவங்களுக்கு என்ன ஆகும்?”

“ஒண்ணும் தெரியாது. ஓடிட்டிருந்த ஒரு சத்தம் நின்ன மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.”

“எனக்கு மட்டும் ஒண்ணு தனியா வெச்சுக்க முடியாதுங்களா?”

டாக்டர் தலையை ஆட்டினார். “ஒரு நாண் இன்னொரு நாணப் பாத்துக் கத்துக்கும். ஒரு மூலையில இருந்தாலும் திரும்பப் பரவீரும். பதிவோட சேத்து அழிக்கோணும், இல்லாட்டி விட்டுரோணும். ஆதார உடலோட சம்மதம் இல்லாமத் தொடக் கூடாதுங்கறது விதி. விதி இல்லாட்டியும் நான் தொட மாட்டேன். நீ சொல்லு.”

“கொஞ்ச நாள் குடுங்க டாக்டர்.”

அந்த நாட்களைச் சம்யுக்தா எப்படிக் கழித்தாள் என்று சொல்வது கஷ்டம். தரையில் நடந்தாள் என்றே சொல்ல முடியாது. இதுநாள்வரை தெரியாமல் தொட்டதை இப்போது தெரிந்து தொட்டாள். முதுகில் கை வைத்ததும் பழகிய சூடு; அதற்கு அடியில், காத்திருந்து கேட்டால் மட்டும் பிடிபடுகிற அந்த அவசரமான சின்னத் துடிப்பு. கல்லூரிப் பெண்ணுக்குள் இருந்தது. கான்ஸ்டபிளுக்குள் இருந்தது. குரல் கரகரத்த கறிக்கடைக்காரருக்குள்ளும் பத்திரமாக இருந்தது. இங்கேயும் இருக்கிறாயா, இங்கேயுமா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே ஒவ்வொருவராக அனுப்பினாள். பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றபோது அவளைச் சுற்றி இருந்த அத்தனை இடுப்புகளிலும் அது துடித்துக்கொண்டிருந்தது. ஊர் மொத்தமும் தன் பிள்ளையைச் சுமந்துகொண்டு மார்க்கெட்டுக்கும் ஆபீசுக்கும் போய்வருகிறதே என்று நினைத்தபோது, எந்தத் தாய்க்கு இந்தக் கொடுப்பினை வாய்க்கும் என்று நெஞ்சு விம்மியது. வேண்டாம், அழிக்க வேண்டாம் என்று டாக்டருக்குச் சொல்லிவிடலாம் என்று ஒரு நாளைக்குப் பலமுறை முடிவு செய்தாள்.

வீட்டில் அவள் கணவன் கௌதம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தான். மேஜையில் வழக்கம்போல மூன்று தட்டு. அவனும் நாண் கட்டியவன்தான். குழந்தை போனதைப் பற்றி அவன் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. தயிர் வாங்கி வந்தான், மாத்திரை எடுத்துக் கொடுத்தான், அவ்வளவுதான். சம்யுக்தா பின்னால் போய் நின்று அவன் முதுகில் கை வைத்தாள்.

“என்ன, வீட்லயும் டூட்டியா?” என்றான் அவன் திரும்பாமல்.

“சும்மா.”

அவன் முதுகிலும் அது இருந்தது. தகப்பனுக்குள் இருந்தது. கையை எடுக்காமல் அவள் வெகுநேரம் நின்றாள். அவனும் குழாயை மூடிவிட்டு அசையாமல் நின்றான்.

லோகநாதன் தன் முறைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் சம்யுக்தா வடவள்ளி பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். பெஞ்சின் ஓரத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, இரண்டு குடைகளையும் மடியில் வைத்து, அவர் இருமிக்கொண்டிருந்தார். மூச்சு விசில் அடித்தது. பக்கத்தில் காகிதத்தில் மாங்காய்க் கீற்று.

“ஆஸ்பத்திரியில சேரச் சொல்லீட்டாங்க அம்மணி. சேந்துட்டா இங்க யாரு நிக்கறது?” என்றார் அவளைப் பார்த்ததும், ஏதோ அவள்தான் ஆள் அனுப்ப வேண்டும் என்பதுபோல.

மேகம் மலையை மறைத்துவிட்டு ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு பஸ் வந்து நின்றது. இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பஸ் போன பிறகு உடம்பு தளர்ந்து பெஞ்சில் சாய்ந்தது. அந்த முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் சம்யுக்தாவுக்கு உறைத்தது. அவள் ஒருநாளும் இப்படிக் காத்திருந்ததில்லை. வராது என்று அவளுக்குத் தெரியும். அது தெரியாமல் இத்தனை பேர் நிற்கிறார்கள்.

“ஐயா, யாரு வர்றாங்கன்னு கேட்டீங்களே.”

“ஆமாங்க.”

“அது என்ற கொழந்தைங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்காலியைச் சொன்னாள், மாமியார் சொன்னதைச் சொன்னாள், மூன்றாம் மாதத்தைச் சொன்னாள். கிழவர் இருமல் வந்தபோதுகூட வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

“பொண்ணுங்களா, பையனுங்களா?”

“தெரியலீங்க. அதுக்குள்ள…”

“பேரு?”

“வெக்கலீங்க.”

தலையை மெல்ல ஆட்டினார். இன்னொரு பஸ் வந்து நின்றது. இந்த முறை அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“அப்ப அது வராதுங்களா?”

“வராதுங்க ஐயா.”

“சரிங்க.” குடைகளில் ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தார். “யாராச்சும் ஒருத்தர் வந்து சொல்லோணுமில்ல அம்மணி. சொன்னாத்தான எந்திரிச்சு ஊட்டுக்குப் போக முடியும்?”

அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டு, அந்த வாசலிலேயே நின்று சம்யுக்தா டாக்டருக்கு போன் செய்தாள். “எடுத்துருங்க,” என்றாள்.

டாக்டர் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையைக் குறித்தார். ஊர் தூங்கி எழுவதற்குள் எல்லா நாண்களும் அந்தத் துடிப்பு இல்லாத புதுக் கணக்குக்கு மாறிவிடும். அன்று சமனகத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும், யாருக்காவது ஏதாவது சங்கடமாக இருந்தால் வரட்டும் என்றார்.

அன்று சம்யுக்தா கண் விழித்தபோது பக்கத்தில் கௌதம் இல்லை. ஹாலில் ஈரத்தலையோடு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருந்தான்.

“இந்நேரத்துக்கே குளிச்சுட்டீங்களா?”

“தலைக்குத் தண்ணி ஊத்திக்கோணும்போல இருந்துச்சு.” ஏன் என்று தெரியாதவனாக அவளைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. “அடுப்புப் பத்த வெக்காத, சம்யு. ஒண்ணும் வேண்டாம்.”

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அப்படி உடைந்து அழுது அவள் பார்த்ததில்லை.

சமனகத்துக்குப் போன பஸ்ஸில் பாட்டு போடவில்லை. டீக்கடைகள் பாதி திறந்து கிடந்தன. பெண்கள் ஈரக்கூந்தலை முடியாமல் வாசலில் நின்றார்கள். சிக்னலில் யாரும் யாருக்கும் வழிவிடவில்லை, யாரும் முந்தவும் இல்லை. பச்சை விழுந்ததும் மெதுவாக நகர்ந்தார்கள். சமனகத்து வாசலில் ஆறுச்சாமி நறுக்கிய மாங்காயை வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு கீத்துகூடப் போகலீங்க அம்மணி. என்னாச்சு இந்த ஊருக்கு?” என்றார். பிறகு அவரே, “எனக்கே திங்கப் பிடிக்கலைன்னா பாத்துக்குங்க,” என்றார்.

முதலில் வந்தது கல்லூரிப் பெண். நாற்காலியில் உட்கார்ந்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு வலி இல்லை என்றாள். சம்யுக்தா முதுகில் கை வைத்தாள். சூடு இருந்தது. அடியில் ஒன்றும் இல்லை. நிசப்தமாக, சுத்தமாக இருந்தது. அந்தப் பெண் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, போகிறபோக்கில் சம்யுக்தாவின் கையை ஒருமுறை தொட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்து கான்ஸ்டபிள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு குறையும் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தார், எழுந்தார், போனார். பிறகு கறிக்கடைக்காரர், அன்று கடை திறக்க மனசு வரவில்லை என்றார். அவர் படியிறங்கி வாசலைத் தாண்டியபோதுதான் சம்யுக்தா எதையோ கவனித்தாள். எழுந்து ஜன்னலுக்குப் போய் வரிசையைப் பார்த்தாள். வாசலிலிருந்து ரோடு வரைக்கும் ஈரத்தலையோடு மனிதர்கள் நின்றிருந்தார்கள்.

மதியம் டாக்டரிடமிருந்து போன் வந்தது. “ஊருக்குள்ள இருக்கற நம்ம மத்த மையத்துலயும் கூட்டம்ங்கறாங்க. யாருக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு நான் நெனச்சேன். உடம்புக்கு என்ன பண்ணுதுன்னு சொல்றாங்க, சம்யு?”

“ஒண்ணும் சொல்றதில்லீங்க டாக்டர். வர்றாங்க, சித்த நேரம் எங்கூட உக்கார்றாங்க, கையத் தொடறாங்க, எந்திரிச்சுப் போயர்றாங்க.”

“அவ்வளவுதானா?”

“ஒருத்தர்கூடப் போயிட்டு வர்றேன்னு சொல்லலீங்க.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. போனை யார் முதலில் வைத்தார்கள் என்று சம்யுக்தாவுக்கு நினைவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வரிசை குறைந்தது. கடைசியாக லோகநாதன் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து காலையில்தான் விட்டிருந்தார்களாம். கையில் குடை இல்லை. நாற்காலியைத் தாண்டி வந்து அவளுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“சாப்பிட்டீங்களா ஐயா?”

“மத்தியானம் சாப்பிட்டனுங்க. இத்தன நாள் கழிச்சு இன்னைக்குத்தான் பசிச்சுது.” நெஞ்சைத் தடவிக்கொண்டார். “மகளுக்கு போன் பண்ணினேன். வாங்கப்பான்னு அழுவறா. போகோணும்.”

“போயிட்டு வாங்க.”

அவர் பதில் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி வேப்பமரத்தை மூடிக்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருட்டியதும் எழுந்தார். இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலாக அவள் முன்னே நீட்டினார், சாவு வீட்டில் நீட்டுகிற மாதிரி. சம்யுக்தா தன் கைகளை அவற்றின்மேல் வைத்தாள். அவர் ஒருமுறை அழுத்திவிட்டு எடுத்துக்கொண்டார். பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார்.